சபீரா வீட்டுத் தட்டு

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று வேப்பம்பட்டிலிருந்து உன் சித்தி சொன்னாள். மூன்று வேளையும் சாப்பிடுகிறாயாம், மதியத்தில் தூங்குகிறாயாம். தூங்கி எழுந்த தெம்பில்தானே அந்தக் குரல் பதிவை நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டாய்? "பெத்த புள்ளைய போலீஸ்ல புடிச்சுக் குடுத்த அம்மா எங்கம்மா ஒருத்திதான். என் வாழ்க்கையே பூட்ச்சு." அதை உன் மாமா கேட்டார். பெரியபாளையத்தில் கோயில் வாசலில் பூ விற்கும் உன் அத்தை கேட்டாள். இரண்டு தடவை கேட்டேன் என்று அவளே எனக்கு போன் செய்து சொன்னாள். "இன்னாதான் இருந்தாலும் அவன் உன் புள்ள இல்லியா?" என்றாள். எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாம் என்றால் நீ பாதியில் போனை வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுத வரும் என்பதை நீ மறந்திருப்பாய். கம்பெனியில் சங்கத்து நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு மேனேஜர்கள் முகம் சிவந்திருக்கிறார்கள். நீ இதை முழுக்கப் படி. படித்துவிட்டு அதே குழுவில் போடு. நீ போடாவிட்டால் நானே போடுவேன். நீ எதற்காகப் போலீஸ் பெஞ்சில் உட்கார்ந்தாய் என்பதை அந்தப் பதிவில் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லையே, அதை நான் சொல்கிறேன்.

சபீராவை நம் சொந்தக்காரர்கள் பலருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தாய் என்பதுதான் என் வயிறு எரிவதற்குக் காரணம். கும்மிடிப்பூண்டியில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று நானும் அவளும் வேலை செய்தோம். அவள் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து கம்பெனி வண்டியில் வருவாள். நான் புதுவாயல் கூட்டுரோட்டில் ஏறுவேன். உன் அப்பா லாரியில் அடிபட்டுப் போனபோது நீ மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் நான் இரண்டு ஷிப்டு பார்த்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் உன்னை எங்கே விடுவது என்று விழித்துக்கொண்டு நின்றபோது, நம் சொந்தத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவள்தான், "எங்கூட்டுல ரெண்டு இருக்குது, மூணாவதா இவனும் இருந்துட்டுப் போட்டும்மே" என்றாள். கோடை லீவு, காலாண்டு லீவு, அரையாண்டு லீவு என்று எத்தனையோ நாட்கள் நீ அவள் வீட்டில்தான் வளர்ந்தாய். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவள் அதைச் சொல்லிக் காட்டியிருப்பாளா? யோசித்துப் பார்.

அந்த வீட்டில் நீ எதில் சாப்பிட்டாய்? பெருநாள் என்றால், விருந்தாளி வந்தால், பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்தால்கூட, சபீரா அலமாரியிலிருந்து அந்தப் பெரிய பீங்கான் தட்டை இறக்குவாள். அவர்கள் வழக்கப்படி ஒரே தட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. சஹன் என்பார்கள். வெள்ளைத் தட்டில் நீலத்தில் எழுதிய படங்கள். ஓரம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு பூ. நடுவில் ஒரு மரம், மரத்தடியில் இரண்டு மான். ஒன்று மேய்கிறது, ஒன்று திரும்பிப் பார்க்கிறது. அது அவள் மாமனார் வீட்டுப் பொருள். கப்பல் காலத்துத் தட்டு என்று சொல்வார்களே தவிர, யார் கொண்டுவந்தது, எப்படி வந்தது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதும் இல்லை. சோறு போட ஒரு தட்டு, அவ்வளவுதான். நீயும் சபீராவின் மகன் யூசுப்பும் அவன் தங்கச்சியும் யார் பக்கத்து மான் முதலில் தெரிகிறது என்று போட்டி போட்டுக்கொண்டு சோற்றைத் தள்ளித் தள்ளித் தின்பீர்கள். நான் உன்னைக் கூட்டிப்போக வந்த ஒரு பெருநாளில், வாசல்படியில் நின்று அதைப் பார்த்தேன். அப்பா போனபிறகு நீ வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன்.

போன மழையில் சபீரா வீட்டுக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அவர்கள் பக்கத்திலேயே ஒற்றை அறை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனார்கள். அங்கே கால் வைக்க இடமில்லை, பேரப்பிள்ளைகள் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தத் தட்டை இரண்டு பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே நம் வீட்டுக்கு வந்தாள். "ஊடு முடியற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். வேற யார்கிட்ட குடுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது" என்றாள். பொட்டலத்தை அவளே பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். நான் பூட்டிச் சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அந்த இடம் என்னைத் தவிர உனக்கு மட்டும்தான் தெரியும்.

பொங்கலுக்கு நீ வந்தாய். இரண்டு நாள் இருந்தாய். பொட்டலத்தைப் பார்த்து இது என்ன என்று கேட்டாய். சபீராம்மா தட்டு என்று சொன்னேன். "ஓ, அதுவா" என்றாய். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நீ மறுபடி வந்து போயிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோதுகூட, ஏதோ சர்டிபிகேட் எடுக்க வந்திருப்பான் என்று நினைத்தேன். பழைய தூண், பழைய கதவு, பழைய பாத்திரம் எல்லாம் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் நீ வேலை பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு நீ என் பீரோவைத் திறப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெற்ற பிள்ளையை அப்படி நினைக்க யாருக்குத் தோன்றும்?

வைகாசியில் சபீரா புது வீட்டுக்குக் குடி போனாள். முதல் நாளே போய்ப் பொட்டலத்தைக் கொடுத்தேன், பிரிக்காமல், அவள் கட்டிக் கொடுத்தபடியே இருக்கிறது என்று நம்பி. மறுநாள் விருந்து. ஓதி முடித்தார்கள். கூடத்தில் விரிப்பு விரித்தார்கள். சபீரா போர்வையை அவிழ்த்துத் தட்டை எடுத்தாள். அதைக் கையில் வாங்கிய யூசுப் அப்படியே நின்றான். திருப்பிப் பார்த்தான், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். பிறகு எல்லோர் முன்னாலும், "பெரிம்மா, இது எங்க தட்டு இல்ல" என்றான். நான் சிரித்தேன். ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தேன். "ரெண்டு மானும் மேயுது பாருங்க. எங்க தட்டுல ஒண்ணு திரும்பிப் பாக்கும். இது கடையில விக்கிற புதுத் தட்டு" என்றான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவன் மாமியார் வீட்டுக்காரர்கள், பக்கத்துத் தெருக்காரர்கள், எனக்கு முன்பின் தெரியாதவர்கள். சபீரா மட்டும்தான் என்னைப் பார்க்கவில்லை. "வாய மூட்றா. வந்தவங்க மொதல்ல சாப்புடட்டும்" என்று மகனை அதட்டிவிட்டு, எவர்சில்வர் தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டிக்கொண்டு வந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

எல்லோரும் போனபிறகு சமையலறையில் வைத்துக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "ஏம்மே, பொட்டலத்த யாருனா பிரிச்சாங்களா?"

"யாரு பிரிக்கப் போறாங்க? எங்கூட்டுல நானும் என் புள்ளையும்தான். என் புள்ள மேல சத்தியமா சொல்றேன், நான் முடிச்சக்கூட அவுக்கல சபீரா."

"அவன் மேல எதுக்கு சத்தியம் பண்ற? அவன் நல்லா இருக்கட்டும்" என்று என் வாயைக் கையால் மூடினாள்.

கேட்டாயா? அந்த நேரத்திலும் உன் தலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று பதறியவள் அவள்தான். அன்று சாயங்காலமே பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு உனக்கு போன் செய்தேன். பஸ் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். நீ என்ன செய்தாய்? சிரித்தாய். "அதுவா? கண்டுபுடிச்சுட்டாங்களா?" என்று சிரித்தாய். திருடியவனைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கம்பெனியிலேயே செம்புக் கம்பி திருடி மாட்டியவன் இருக்கிறான். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டவன் நீ ஒருவன்தான்.

அதற்குப் பிறகு நீ பேசியது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நினைவிருக்கிறது. "அம்மா, அது அவங்க பொருளே கெடையாது. ஐரோப்பாக்காரங்களுக்குன்னே சீனாவுல செஞ்சது. போற வழியில எவனோ பழவேற்காட்டுல எறக்கிட்டான். இப்ப அது போவவேண்டிய எடத்துக்குப் போயிருக்கு. இவங்க அதுல சோத்தக் கொட்டி, தேங்கா நாரு போட்டுத் தேச்சுக்கினு இருந்தாங்க. நான் அதக் காப்பாத்திக் குடுத்திருக்கேன்." காப்பாற்றினாயாம்! உன் படிப்புக்கு நான் கட்டிய பீஸ் எல்லாம் இப்படி ஒரு பேச்சைக் கற்றுக்கொள்ளத்தானா? அன்று பஸ் சத்தத்தில் என்னால் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன், கேள். உன் அப்பா கடைசி நாள்வரை போட்டுக்கொண்ட நீலக் கோட்டுச் சட்டை உனக்கு நினைவிருக்கிறதா? அது ஏற்றுமதிக்குத் தைத்த சட்டை. தையலில் ஏதோ குறை என்று ஒதுக்கி, பஜாரில் குவித்து விற்றபோது நான் பொறுக்கி வாங்கினேன். காலரில் ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியின் பெயர்கூட இருந்தது. அந்த நாட்டுக்காரன் ஒருவன் வந்து, இது எங்களுக்காகத் தைத்தது என்று உன் அப்பா உடம்பிலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு போயிருந்தால் நீ கை கட்டிக்கொண்டு பார்த்திருப்பாயா? செய்தவன் யாரை நினைத்துச் செய்தான் என்பது செய்தவன் பாடு. வைத்துப் புழங்கியவர்களுக்குத்தான் பொருள் சொந்தம். இது ஒயர் கட்டும் எனக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லையா? தெரியும். தெரியாதவன் அதே போல இன்னொரு தட்டைத் தேடிப் பிடித்து, அதே போர்வையில், அதே முடிச்சுப் போட்டு வைக்கமாட்டான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு உன் முதலாளியைப் பார்க்கப் போனேன். உனக்குச் சொல்லவில்லை. செங்குன்றம் ரோட்டில் உள்ள அந்தக் குடோனில், ஒரு மூலை முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் புதுத் தட்டுகள், ஜாடிகள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் அழகுக்கு வைக்க இன்றைக்கும் சீனாவிலிருந்து வருகிறதாம். அந்த அடுக்கிலிருந்து ஒன்றைத்தான் நீ எடுத்து வந்து என் பீரோவில் வைத்தாய் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உன் முதலாளி மரியாதையாகத்தான் பேசினார். காபி வரவழைத்தார். தட்டைப் பற்றி ஒரு பாடமே நடத்தினார். அந்தக் காலத்தில் சீனாவில் ஓர் ஊரே அடுப்பெரித்து இதே வேலையாக இருந்ததாம். ஐரோப்பாக்காரர்களுக்கு இப்படி வெள்ளையாகப் பீங்கான் செய்யத் தெரியாத காலமாம். அதனால் கப்பல் கப்பலாக வாங்கிப் போனார்களாம். ஓரத்தில் கட்டம் கட்டமாகப் பூப்போடுவது அவர்களுக்குப் பிடித்துப் போனதால் அதையே ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார்களாம். டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டில் கோட்டை இருந்ததால் அந்தச் சரக்கில் கொஞ்சம் இந்தக் கரையிலும் தங்கிவிட்டதாம். எல்லாம் அழகாகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "உங்க குடும்பத்துக்கு அதிர்ஷ்டம்மா. உங்க பாட்டி வழியா வந்த தட்டுன்னு உங்க பையன் சொன்னான். உடையாம காப்பாத்தி வச்சிருந்தீங்களே" என்றார்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். என் பாட்டியா? என் பாட்டியும் என் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். களத்துமேட்டில் அவர்களுக்குக் கூலியோடு ஊற்றிய கஞ்சியைப் பனையோலைப் பட்டையில் எட்ட நின்று வாங்கிக் குடித்தார்கள். ஒரு ஈயப் பாத்திரம் வாங்குவதற்கு என் அம்மா எத்தனை அறுப்புக் காத்திருந்தாள் என்று உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர்கள் பட்டபாட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பீங்கான் தட்டை வைத்துவிட்டாய். சபீராவிடமிருந்து தட்டைத் திருடினாய், என்னிடமிருந்து என் அம்மாவைத் திருடினாய். இதில் எதற்காக உன்மேல் எனக்கு அதிகக் கோபம் என்று என்னாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"அது எங்க தட்டு இல்ல சார். என்னை நம்பிக் குடுத்து வச்ச தட்டு. திருப்பிக் குடுங்க" என்றேன்.

"கப்பல் ஏறிடுச்சும்மா. வாங்கினவர் அங்க பெரிய மனுஷர். அவர்கிட்டப் போய் எப்படிக் கேக்கறது?"

"அந்தப் பெரிய மனுஷரு அதுல இன்னா போட்டு சாப்புடப் போறாரு?"

அவர் சிரித்தார். "அதுல யாரும் சாப்பிட மாட்டாங்கம்மா. செவுத்துல மாட்டுவாங்க."

"செவுத்துல மாட்ட உங்ககிட்டதான் இத்தினி தட்டு கெடக்குதே. அத மாட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அதற்குப் பிறகுதான் வாசலில் இருந்த பையன்கள் பேசிக்கொண்டதிலிருந்து எனக்கு இன்னொன்றும் தெரிந்தது: தட்டு போன நாட்டு ஆபீசுக்கே உன்னை அனுப்பப் போகிறார்கள் என்று. ஐரோப்பாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று நீ என்னிடம் சொல்லி, நான் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தேனே, அந்த வேலை. சபீராவுக்கும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். அவள் தட்டை விற்ற கைக்குக் கிடைத்த வேலைக்கு அவளே இனிப்புத் தின்றிருக்கிறாள்.

அப்போதும் நான் போலீசுக்குப் போகவில்லை. இதை உன் மாமாவும் அத்தையும் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். உனக்கு போன் செய்தேன். "நீ இன்னா வேணா செஞ்சிருக்கலாம். மொதல்ல பழவேற்காடு வா. சபீராம்மா மூஞ்சியப் பாத்து நான்தான் எடுத்தேன்னு சொல்லு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். நீ டிக்கெட் போட்டாகிவிட்டது என்றாய். நேரமில்லை என்றாய். "ஏம்மா சும்மா பேஜாரு பண்ற? டப்பு அனுப்பிச்சுடறேன், முடிஞ்சுபோச்சு" என்றாய். பணத்தை அனுப்பியும் விட்டாய், யூசுப்பின் போனுக்கு. அவன் அதை அடுத்த நிமிஷமே உனக்குத் திருப்பி அனுப்பினான். ஒரு வார்த்தை திட்டியாவது எழுதியிருப்பான் என்று பார்த்தேன். எதுவும் எழுதவில்லை. உன்னோடு ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவன் அவன். அவனுக்கு உன்னிடம் திட்டுவதற்குக்கூட ஒன்றும் மிச்சமில்லை.

நானே போனேன். சபீரா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படிக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் என்னைத் தேற்றவில்லை. நான் அவளிடம் அதை எதிர்பார்த்தேன் என்று நினைக்கும்போதே வெட்கமாக இருக்கிறது.

"நீ எதுக்கு இங்க வந்து அழுவுற? எடுத்தவன் எங்க?" என்றாள்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டான்."

உள்ளே பேத்தி எதற்கோ அழுதது, யூசுப்பின் பெண்டாட்டி தூக்கிக்கொண்டு போனாள். பிறகு சபீரா எழுந்து புடவையில் ஒட்டிய சிமெண்டைத் தட்டினாள். "தட்டு போச்சு, போவட்டும். ஒடஞ்சிருந்தா ரெண்டு நாள் அழுதுட்டு உட்டிருப்பேன். என் கையால சோறு தின்ன புள்ள இன்னிக்கு என் ஊட்டு வாசப்படி ஏறமாட்டேன்னு சொல்லுதே, அதத்தான் என்னால முழுங்க முடியல. அவன் வரட்டும். அவன் வர்ற அன்னிக்கு நீயும் வா. அது வரைக்கும் வராத." கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டாள். சாத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அங்கிருந்து பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலையில் நான் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். தட்டு அவர்கள் வீட்டுடையது என்று சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காக யூசுப்பைக் கூப்பிட்டேன். அவன் தன் அம்மாவிடம் சொல்லாமல் வந்தான். எழுத்தர் நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "சொந்தப் பையன் மேலயாம்மா? ஊட்டுலயே பேசித் தீத்துக்கோங்க" என்றார். பேசிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். மதியம் வா என்றார், மதியம் போனேன். ஸ்டேஷன் பெரியவர், இன்ஸ்பெக்டர், இல்லை, நாளைக்கு வா என்றார், மறுநாளும் போனேன். "கோவத்துல வந்திருக்கீங்க. அவன் எதிர்காலத்த யோசிச்சுப் பாருங்க" என்றார் பெரியவர். "சார், என் பீரோவுல இருந்து களவு போயிருக்குது. வெளியாளு எடுத்திருந்தா எழுதிக்குவீங்க இல்ல? அதே மாதிரி எழுதிக்குங்க" என்றேன். அதற்குள் யூசுப் ஒன்று சொன்னான். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதாம். அதனால் உன் கம்பெனி அதைப் புதுப் பாத்திரம் என்று பதிந்துதான் கப்பலேற்றியிருக்க வேண்டும் என்றான். "பழசுன்னு சொல்லி எங்களுக்குப் புதுசக் குடுத்தான் சார். புதுசுன்னு சொல்லி அவங்களுக்குப் பழச அனுப்பிச்சுட்டான்." அதைக் கேட்ட பிறகுதான் பெரியவர் பேனாவை எடுத்தார்.

மிச்சத்தை நீயே அறிவாய். உன் முதலாளி வக்கீலோடு வந்து, எங்களுக்கு ஒன்றும் தெரியாது, இவன்தான் எங்களை ஏமாற்றினான் என்று எழுதிக் கொடுத்தார். எனக்குக் காபி வரவழைத்தவர், உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று தோளில் கை போட்டவர், உன் பெயரைச் சொல்ல ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்று உன்னிடம் எழுதி வாங்கினார்கள். அந்த நாள் முழுக்க நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் இட்லி கொண்டுவந்தேன். நீ பொட்டலத்தைத் தொடாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். அங்கிருந்த பெண் போலீஸ் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை. தட்டு இன்னும் வரவில்லை. வருமா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. கேட்டு எழுதியிருக்கிறார்களாம், அவ்வளவுதான்.

இப்போது உன் சித்தி, புகாரைத் திரும்ப வாங்கு என்கிறாள். உன் மாமா, தாய் மனசு கல்லாகிவிட்டது என்கிறார். வாங்கமாட்டேன். எனக்குக் கோபம் தணியட்டும் என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள், தணியாது. நான் உன்னைக் காட்டிக் கொடுத்தேன் என்று சொல்லாதே. ஒளிந்திருந்தவனைத்தான் காட்டிக் கொடுப்பார்கள். நீ ஒளியவே இல்லையே, சிரித்துக்கொண்டு நட்ட நடுவில் நின்றாயே. உன் வாழ்க்கை போய்விட்டது என்று அழுகிறாய். ஒரு வேலை போயிருக்கிறது. உன் அப்பா போனபோது எனக்குப் போனதற்குப் பெயர்தான் வாழ்க்கை. அன்றைக்கு அதை எடுத்து நிறுத்தியவளின் வீட்டில்தான் நீ கைவைத்தாய். உனக்கு வேறு வேலை கிடைக்கும். கையும் காலும் நன்றாக இருக்கிறது. எனக்கு வேறு சபீரா எங்கே கிடைப்பாள்? கம்பெனியில் அவள் இப்போது வேறு லைனுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் தூரத்தில் அவள் முதுகு தெரிகிறது. நான் டப்பாவைத் திறந்து தனியாகத் தின்கிறேன்.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். வேப்பம்பட்டில் படுத்துக் கிடந்தது போதும். எழுந்து பழவேற்காடு போ. யாரையும் துணைக்குக் கூட்டிப் போகாதே, உன் சித்தியைக் கூட்டிப் போகாதே, பழம் ஸ்வீட்டு எதுவும் வாங்கிப் போகாதே. பணத்தைப் பற்றி வாயைத் திறக்காதே. முதலாளி சொன்னார், கம்பெனி கேட்டது, ஐரோப்பா, சீனா என்று எதையும் இழுக்காதே. நான்தான் எடுத்தேன் என்று சொல். உங்கள் தட்டை என் பாட்டி தட்டு என்று பொய் சொன்னேன் என்பதையும் சொல். அவள் அடித்தால் வாங்கிக்கொள். யூசுப் சட்டையைப் பிடித்தால் கையைத் தட்டிவிடாதே. உள்ளே கூப்பிடவில்லை என்றால் வெளியிலேயே நில். சோறு போட்டால் மறுக்காதே, எதில் போட்டாலும் சாப்பிடு. இதைச் செய்தால் வழக்கு போய்விடும் என்று நினைக்காதே; அது அதன் வழியில் நடக்கும், அதற்கும் நீ பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நீ போனாயா இல்லையா என்று எனக்கு போன் செய்து சொல்லவேண்டாம். செய்தாலும் எடுக்கமாட்டேன். நீ போனால் சபீரா எனக்கு போன் செய்வாள், எனக்குத் தெரியும். திட்டுவதற்காகவாவது செய்வாள். அவள் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகிறது. முதலில் அது வரட்டும். உன்னுடையது அப்புறம்.

எழுதியது உன்னைப் பெற்றவள்;
புகாரில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.